தாழ்தலும் தாழ்த்தலும்

சேலம் நகரத்து வீதிகளில் நின்று வடதிசை நோக்குவோர்க்குச் சேர்வராயன் மலை ஒரு நீல மதில்போலத் தோன்றும். அம்மதிலின்மேல், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், ஏற்காடு அமைந்திருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக் கொடிகளும் நம்மை வரவேற்கும். ஏரியும் படகும் பார்த்துத் திரும்புகிறவர்களே மிகுதி. சிலர் இன்னும் மேலே சென்று, மலையாளி மக்கள் தொன்றுதொட்டு வழிபட்டு வரும் சேர்வராயன் குகைக் கோயிலையும் கண்டு வருவர்.

கிறிஸ்தவ வாழ்வில் தாழ்மையும் இறைவனை நம்பியிருத்தலும் என்னும் பொருள்பற்றிப் பேசும்படி என்னிடம் கேட்டபோது என் நினைவு அந்த மலைக்கே சென்றது. மலை என்றால் உயரத்தை அல்லவா நினைக்க வேண்டும், தாழ்மையை நினைப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. ஏற்காட்டில் புகழ்பெற்ற இரண்டு கல்விச்சாலைகள் இருக்கின்றன. ஒன்று குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் நடத்தும் திரு இருதயப் பள்ளி. மற்றொன்று புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-ஆம் ஆண்டில் தொடங்கிய மாண்ட்போர்ட் பள்ளி. தொடக்க நாட்களில் இங்கே ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளே மிகுதியாகப் படித்தனர். இன்று பல மாநிலத்துப் பிள்ளைகளும் படிக்கின்றனர். இவற்றில் இடம் கிடைப்பதைப் பெற்றோர் பெருமையாகக் கருதுகின்றனர், அது இயற்கையே. ஆனால் இவ்விரு பள்ளிகளின் பின்னால் நிற்கும் இரண்டு மனிதர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், அவர்கள் இந்தப் பெருமையைக் கேட்டு வியந்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. இருவருமே தாழ்மைக்குப் பேர்போனவர்கள். இருவருமே தங்கள் திருச்சபையின் அதிகாரிகளாலேயே தாழ்த்தப்பட்டவர்கள்.

இங்கே நம் மொழி நமக்கு ஓர் உதவி செய்கிறது. தாழ்தல் தன்வினை; தாழ்த்துதல் பிறவினை. ஒருவன் தானே தாழ்வது வேறு. ஒருவனைப் பிறர் தாழ்த்துவது வேறு. இலக்கணத்தில் ஓர் ஒற்றெழுத்துதான் வேறுபாடு. வாழ்க்கையில் இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நம் நாட்டில் தாழ்மையைப் பற்றிப் பேசுகிறவர் எவராயினும் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பல தலைமுறைகளாகச் சிலரைப் பிறர் தாழ்த்தி வைத்தார்கள். பிறகு அவர்களிடமே சென்று, தாழ்மை சிறந்த பண்பு என்று உபதேசமும் செய்தார்கள். கூடையைச் சுமக்கிறவனிடம் பணிவைப் பற்றிப் பேசுவது கூடையைச் சுமக்காதவனுக்கு மிகவும் எளிது. ஆகையால் இந்தச் சொல்லை நாம் கொஞ்சம் அச்சத்தோடுதான் கையாள வேண்டும்.

கிறிஸ்தவ வேதத்தில் தாழ்மை என்பது தன்வினையாகவே வருகிறது. கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் உருவம் ஏற்றார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். அவரை எவரும் வெறுமையாக்கவில்லை, அவரே செய்தார். இறுதி இரவு உணவின்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். அங்கேயும் குருவானவர் தாமே குனிந்தார். சீடர்களைக் குனியச் சொல்லவில்லை. பெரிய வியாழக்கிழமையன்று கத்தோலிக்கக் கோயில்களில் குருமார் இன்றும் பிறர் கால்களைக் கழுவுவது அதன் நினைவாகத்தான். உயர்ந்த இடத்தில் இருப்பவருக்கே அங்கே முதற்பாடம்.

இனி, அந்த இருவரைக் காண்போம்.

லூயி மரி கிரிஞோன் என்பவர் பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில் மாண்ட்போர்ட் என்னும் சிற்றூரில் 1673-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், சினம் மிகுந்தவர். மகனும் இயல்பில் முன்கோபிதான். பிறவியிலேயே சாந்தமூர்த்தியாய் இருந்தவர் என்று இவரைப் பற்றி எவரும் எழுதவில்லை. அது எனக்கு ஓர் ஆறுதல். குருத்துவம் படிப்பதற்காக இளைஞராய்ப் பாரிசுக்குப் புறப்பட்டபோது, வீட்டார் பணமும் புதிய உடையும் கொடுத்தனுப்பினர். வழியில் ஒரு பாலத்தைக் கடந்ததும், கையிலிருந்த பணத்தை ஏழை ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். எதிர்ப்பட்ட மற்றொரு பிச்சைக்காரனிடம் புதிய உடையைக் கொடுத்து அவனுடைய கந்தையைத் தாம் அணிந்துகொண்டார். பிறகு பாரிசு வரையில் நடந்தே சென்றார். வழியில் பிச்சை எடுத்தே உண்டார். குடும்பப் பெயரையும் மெல்ல விட்டுவிட்டு, பிறந்த ஊரின் பெயராலேயே தம்மை அழைத்துக்கொண்டார். ஏற்காட்டுப் பள்ளியின் வாயிலில் இன்று நாம் காணும் பெயர் அதுவே.

1700-இல் குருப்பட்டம் பெற்றார். புவாத்தியே நகரத்து ஏழைகள் விடுதியில் தொண்டு செய்தார். அங்கே மாற்றங்கள் கொண்டுவர முயன்றதால் பகை வளர்ந்தது. 1703-இல் பாரிசில் ஆயிரக்கணக்கான ஏழைகள் தங்கியிருந்த மற்றொரு பெரிய விடுதியில் ஊழியம் ஏற்றார். சில மாதங்கள் சென்றன. ஒருநாள் உணவுக்கு அமர்ந்தபோது தட்டின் அடியில் ஒரு சீட்டு இருந்தது. அவருடைய ஊழியம் இனி வேண்டியதில்லை என்று அதில் எழுதியிருந்தது. நேரில் சொல்வதற்கும் மனமில்லாத அதிகாரிகள்! அவர் ஒன்றும் பேசாமல் வெளியேறி, ஒரு வீட்டின் மாடிப்படிக்கு அடியில் இருந்த இருட்டறையில் குடியேறினார்.

தூர தேசங்களுக்குச் சென்று வேதம் போதிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1706-இல் ரோமாபுரி வரையில் நடந்து சென்று பதினோராம் கிளெமென்ட் பாப்பரசரிடம் அந்த ஆசையை விண்ணப்பித்தார். பாப்பரசர் அவரைப் பிரான்சுக்கே திரும்பிச் சென்று, அங்குள்ள ஆயர்களுக்குக் கீழ்ப்படிந்து ஊழியம் செய்யும்படி பணித்தார். திரும்பினார். அதே ஆண்டில் தினான் என்னும் ஊரில், இரவு நேரத்தில், புண் நிறைந்த உடலோடு தெருவில் கிடந்த ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தம் விடுதிக்கு வந்தார். கதவு தாழிடப்பட்டிருந்தது. இயேசு கிறிஸ்து வந்திருக்கிறார், கதவைத் திறவுங்கள் என்று கூவினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அந்த நோயாளியைத் தம் படுக்கையில் கிடத்தித் தாம் தரையில் இரவைக் கழித்தார்.

அவர் வாழ்வின் பெரிய சோதனை பொன்ஷத்தோ என்னுமிடத்தில் நேர்ந்தது. அவ்வூரின் அருகே கல்வாரி மலையை ஒத்த ஒரு குன்றை மண்ணால் எழுப்பி, அதன்மேல் சிலுவைகளை நாட்டுவது அவர் எண்ணம். 1709-இல் வேலை தொடங்கியது. பதினைந்து மாதங்கள், கூலியின்றி, குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து அகழி வெட்டினர், மண் சுமந்தனர். 1710-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அதை மந்திரிக்க ஏற்பாடாயிற்று. மக்கள் திரண்டுவிட்டனர். முதல்நாள், மந்திரிப்பு நடைபெறக் கூடாது என்று ஆயரிடமிருந்து தடை வந்தது. இரவோடு இரவாக நான்ட் நகரத்துக்கு நடந்து சென்று மன்றாடினார், பயனில்லை. பின்னர் அரசனின் ஆணையும் வந்தது. ஆங்கிலேயர் கடல்வழி வந்து இறங்கினால் அந்த மேடு அவர்களுக்குக் கோட்டையாகிவிடும் என்று எவரோ கோள் மூட்டியிருந்தனர். எழுப்பிய கைகளைக் கொண்டே அக்குன்றை இடிக்கச் செய்தார்கள்.

அவர் என்ன செய்தார்? கிளர்ச்சி செய்யவில்லை, அழுது அரற்றவுமில்லை. மண்ணில் நாட்ட இடமில்லையானால் நெஞ்சத்தில் நாட்டுவோம் என்ற கருத்தைச் சொல்லிவிட்டு, இயேசு சபையாரின் இல்லம் ஒன்றில் ஒடுக்கத்தில் அமர்ந்தார். அங்கிருந்தவர்கள் அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடிக் காணாமல் வியந்தார்களாம். அந்த வியப்பைப் படித்தபோது, அது தாழ்மையா, அல்லது கல்நெஞ்சமா என்று எனக்கு ஐயம் எழுந்தது. ஆனால் நடந்தே நான்ட் சென்று மன்றாடியவர் கல்நெஞ்சர் அல்லர். தம்மால் ஆனதைச் செய்தார். ஆகாது என்று தெரிந்தபின், பலனைத் தம் கையிலிருந்து இறக்கி இறைவன் கையில் வைத்துவிட்டார். கடவுள் ஒருவரே என்பது அவர் தம் வாழ்வுக்கு வைத்துக்கொண்ட மந்திரம்; அதன் பொருளை அந்த ஒரு நாளில் முழுவதும் கற்றிருப்பார்.

1716-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், 43 வயதில், ஒரு கிராமத்தில் வேத போதகம் நடத்திக்கொண்டிருந்தபோதே நோயுற்று இறந்தார். அவர் நிறுவ விரும்பிய குருக்கள் சபையில் அன்று இருந்தவர்கள் இருவர்; சகோதரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உலகக் கணக்கில் அது தோல்வி. 1947-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

மற்றவர் ஒரு பெண்மணி. ஆன் மரி ஜவுஹே 1779-இல் பர்கண்டிப் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், ஒளிந்து திரிந்த குருக்களுக்குப் புகலிடம் தேடிக் கொடுத்தும், கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தும் வளர்ந்தவர். பல நிறத்துக் குழந்தைகள் தம்மைச் சூழ்ந்து நிற்பதாக இளமையில் ஒரு காட்சி கண்டார் என்பர். 1807-இல் சபையைத் தொடங்கினார். பிறகு குளூனி என்னும் ஊரில் தலைமையில்லம் அமைந்ததால் அப்பெயர் நிலைத்தது. அவருடைய கன்னியர் 1827-இலேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் ஏற்காட்டுக்கும் வந்து சேர்ந்தனர்.

தென் அமெரிக்கக் கரையிலுள்ள பிரெஞ்சுக் கயானாவில், மானா என்னும் ஊரை அன்னை ஜவுஹே உருவாக்கினார். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட சுமார் 500 ஆப்பிரிக்கரை விடுதலை வாழ்வுக்குப் பழக்கும் பொறுப்பைப் பிரெஞ்சு அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்தது. அவர்களுக்கு நிலமும் வீடும் தொழிலும் ஏற்படச் செய்து, 1838 முதல் விடுதலை பெற வழி செய்தார். சுற்றியிருந்த தோட்ட முதலாளிகளுக்கு இது பிடிக்குமா? அவரைப் பற்றிய அவதூறு கடல் கடந்து பாரிசு வரையில் சென்றது.

அதே காலத்தில் ஓத்தூன் நகரத்து ஆயர், சபை முழுமைக்கும் தாமே தலைவராக வேண்டுமென்று வற்புறுத்தினார். தம் மறைமாவட்ட எல்லைக்குள் அவருக்கு உரிய அதிகாரத்தை அன்னை மறுக்கவில்லை. ஆனால் பல தேசங்களில் பரவிய சபையை அவர் கையில் கொடுக்க இசையவில்லை. இசையாமைக்குத் தண்டனை வந்தது. கயானாவில் இருந்தபோது ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. கத்தோலிக்கர் அல்லாத நேயர்களுக்கு இதன் கடுமை விளங்காமற் போகலாம். துறவு பூண்ட ஒருவருக்கு நற்கருணை என்பது அன்றாட உணவினும் மேலானது. சபையின் தாயான அவரோ, தம் மகளிர் அனைவரும் பலிபீடத்தை நோக்கிச் செல்லும்போது தாம் மட்டும் பின்னே இருந்தார்.

கிறிஸ்தவத் தாழ்மை என்பது பணிந்துபோவது மட்டுமே என்றால், அன்னை ஜவுஹே அன்றே பணிந்திருக்க வேண்டும். மாண்ட்போர்ட் பணிந்தார்; இவர் பணியவில்லை. ஒருவர் தாம் எழுப்பிய குன்றை இடிக்க விட்டுவிட்டார். மற்றவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சபையை விட்டுக்கொடுக்க மறுத்தார். இருவரையும் தாழ்மையுள்ளவர் என்று திருச்சபை போற்றுகிறது. 1950-இல் அன்னைக்கு முத்திப்பேறு பட்டமும் தந்தது. இதை எப்படிப் பொருத்துவது?

எனக்குத் தோன்றுவது இது. குன்று மாண்ட்போர்டுடையது, அதை இழந்தால் இழப்பு அவருடையது. சபையோ அன்னையுடையது அன்று. அதை விட்டால் இழப்பு மானாவில் விடுதலைக்குக் காத்திருந்தவர்களுடையது, தொலைதூர மடங்களில் அவரை நம்பியிருந்த கன்னியருடையது. தன்னுடையதை விடுவது தாழ்மை. பிறருடையதை விட்டுக்கொடுத்து அதற்குத் தாழ்மை என்று பெயர் சூட்டுவது கோழைத்தனம். அன்னை நற்கருணையை இழந்தார். அது தம் இழப்பு, பொறுத்தார். அதற்காக ஆயரைத் தூற்றவுமில்லை. 1851-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்த ஆயர் இறந்த செய்தி வந்தபோது, அவரையும் சபைக்கு நன்மை செய்தோர் வரிசையில் வைத்து எண்ணும்படி தம் கன்னியரிடம் சொன்னார். ஒரு வாரம் சென்று, ஜூலை 15-ஆம் நாள், தாமும் இறந்தார்.

இறைவனை நம்பியிருத்தல் என்பதற்கும் இதே தெளிவு வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்திருப்பது நம்பிக்கை என்று இவ்விருவரும் கருதவில்லை. மாண்ட்போர்ட் வேத போதகம் நடத்தச் செல்லும் ஊர்களில் தாம் தங்கும் வீட்டுக்குப் பராமரிப்பு இல்லம் என்னும் பொருளில் பெயர் வைப்பார். சல்லிக்காசு கையில் இராது. ஊரார் கொண்டுவரும் உணவை ஊர் ஏழைகளோடு உட்கார்ந்து உண்பார். ஆனால் நாள் முழுவதும் உழைப்பார். அன்னையோ நிலம் வாங்கினார், மரம் அறுப்பித்தார், அமைச்சர்களோடு வாதாடினார், கடலைப் பலமுறை கடந்தார். இத்தனையும் செய்துவிட்டு, இது கடவுளின் வேலை, வேண்டுமானால் அவர் காப்பார் என்று உறங்கப் போனார்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அறுவடை முடிந்தபின் கிளை கழிப்பார்கள், நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்கள், எருவிடுவார்கள். செடியில் மொட்டுகள் கட்டிக்கொண்டு காத்திருக்கும். மார்ச்சு, ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழவேண்டும். விழுந்தால், எட்டுப் பத்து நாட்களில் மலைச்சரிவு முழுவதும் வெண்மையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த மணம் காற்றில் வரும். இரண்டு மூன்று நாளில் உதிர்ந்தும் போகும். அந்த மழை பொய்த்தால் அவ்வாண்டின் விளைச்சல் குன்றிவிடும். குழாய் வைத்து நீர் தெளிப்போரும் இப்போது உண்டு. ஆனால் தெளிப்பதற்குக் குளத்தில் நீர் வேண்டுமே. அதுவும் மழையின் கொடைதானே. மனிதன் செய்யக்கூடியதை ஒன்றுவிடாமல் செய்துவிட்டு, செய்ய முடியாத ஒன்றுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில வாரங்களில் தோட்டத்து முதலாளியும் கூலிக்குப் பழம் பறிக்கும் பெண்ணும் ஒரே வானத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பார்க்கிறார்கள் என்றாலும், அந்தக் காத்திருப்பின் சுமை இருவருக்கும் ஒன்றல்ல. விளைச்சல் குறைந்தால் முதலாளிக்குக் கணக்கில் குறை. அந்தப் பெண்ணுக்கு அடுப்பில் குறை. ஆகவே, இறைவனை நம்பு, தாழ்ந்திரு என்று அவளிடம் சொல்லப் போகிற உபதேசி, மாண்ட்போர்ட் போலத் தம் உடையை முதலில் மாற்றிக்கொண்டு போகட்டும். அல்லது மானாவின் அன்னையைப் போல அவளுக்கு நிலமும் தொழிலும் தேடிக் கொடுத்துவிட்டுப் பேசட்டும். உண்மையில், நம்பிக்கையைப் பற்றி அவளிடம் கற்றுக்கொள்ளவே அவருக்கு நிறைய இருக்கும்.

தூர தேசம் செல்ல விரும்பிய மாண்ட்போர்ட் ஐரோப்பாவை விட்டு வெளியே வந்ததேயில்லை. அவர் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசாங்கம் துறவற சபைகள் கல்வி கற்பிப்பதற்கு எதிராகச் சட்டங்கள் இயற்றியது. பள்ளிகள் மூடப்பட்டன, கபிரியேல் சபைச் சகோதரர்கள் பலர் தாய்நாட்டை விட்டு வெளியேறினர். தட்டின் அடியில் சீட்டு வைத்து அனுப்பப்பட்டவரின் பிள்ளைகளுக்கும் அதே கதி! அவ்வாறு வெளியேறியவர்களில் சிலர் 1901-இல் சயாம் நாட்டை அடைந்தனர். சிலர் 1903-இல் திண்டிவனம் வந்து சேர்ந்தனர். வேற்று நாடு, வேற்று மொழி, பழகாத வெயில். அங்கிருந்து பதினான்கு ஆண்டுகளில் சேர்வராயன் மலையேறிப் பள்ளி திறந்தனர். பொன்ஷத்தோவில் இடிக்கப்பட்ட குன்றையும் பிற்காலத்து மக்கள் மீண்டும் எழுப்பிவிட்டார்கள். இன்றும் யாத்திரிகர் அங்கே செல்கிறார்கள். எழுப்பியவர்கள் அதே வட்டாரத்துக் குடியானவர்களே. இம்முறையும் கூடையில் மண் சுமந்தார்கள். எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.